ஒன்பதாம் வகுப்பின் மதியம்

தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்க, அதன் மேல் வெந்த சிறுபயறைக் கொட்டும்போது ஒரு மணம் எழும். கொழிஞ்சாம்பாறையில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். லீவு போட்டுவிட்டு எழுத உட்காரும் நாட்களில், வெயில் ஏறுகிற நேரம் பார்த்து அந்த மணம் மதிலைத் தாண்டி வந்துவிடும். வெளியே பொள்ளாச்சி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பும். நான் பாதி வரியை அப்படியே விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அறைக்குள்ளேயேதான் நடை. கால்கள் இந்தச் சூட்டிலேயே இருக்க, மீதி உடம்பு மேலே போய்விடும், பனிக்குள், தேயிலைக்குள், ஈரக் கம்பளி வாசத்துக்குள்.

சூரியநெல்லிக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து பத்து வரை வகுப்புகள். நான் அங்கே சில வருடங்கள் தமிழ் டீச்சர். கேட்டு வாங்கிய மாற்றல் அது. என்னால் ஓர் இடத்தில் வெகுநாள் உட்கார முடியாது. "ஏன் அம்மிணி, ஊட்டுக்குப் பக்கத்துல இல்லாத பள்ளிக்கூடமா?" என்று அண்ணன் கேட்டார். நான் பெட்டியைக் கட்டினேன்.

அங்கே போனதும் பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்தது என் பேச்சைத்தான். அவர்கள் பேசியது தெற்கத்தித் தமிழ். பாட்டன் பூட்டன் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து மலையேறியபோது கூடவே ஏறி வந்த தமிழ். நான் எதற்கும் 'ங்க' போடுகிறவள். "டீச்சர் நாயை விரட்டுனாக்கூட 'போங்க'ன்னுதான் விரட்டுவாங்க" என்று பின்பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். நான் திரும்பிப் பார்க்க, வகுப்பே சிரித்தது. "யாருங்க அது?" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

சொன்னவள் எட்டாம் வகுப்பு. கறுத்து, ஒல்லியாக, கேள்வி கேட்பதற்கென்றே எழுந்து நிற்கிறவள். கட்டுரை எழுதச் சொன்னால் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதுவாள். மழையைப் பற்றி எழுதச் சொன்ன ஒருமுறை, மழைக்கு முன்னால் தேயிலையின் முதுகு வெளுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாள். அன்று மாலை அதை நான் போய்ப் பார்த்தேன். வெளுத்துக்கொண்டுதான் இருந்தது.

மதிய மணி அடித்ததும் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரியும். எட்டு வரை உள்ளவர்களுக்குச் சர்க்கார் சாப்பாடு. தட்டோடு சமையல் கொட்டகைக்கு ஓடுவார்கள். சோறு, பயறு, ஒரு கூட்டான், சில நாள் பால், ஒரு நாள் முட்டை. ஏழையா, வசதியா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் சோறு விழும். ஒன்பதும் பத்தும் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவர வேண்டும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருந்தது. பயறு மணம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

அந்த நேரத்தில் பெரிய பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். டிபன் இல்லாதவர்கள்தான் அதிக ஆவேசமாக ஆடுவார்கள் என்பது போகப் போகப் புரிந்தது. பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் இல்லை. அவர்கள் குழாயடியில் முகம் கழுவுவார்கள். திரும்பவும் கழுவுவார்கள். ஒருத்தி தலையை ஒருத்தி பின்னுவாள். பின்னி முடித்து அவிழ்த்து மறுபடி பின்னுவாள். மணி அடிக்கும்வரை அதுதான் வேலை.

மார்ச் கடைசியில், பரீட்சை முடிந்த மறுநாள், அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். இலை எடுக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு, காலில் சேறு. ஆசிரியர் அறைக்குள் வரச் சொன்னேன். "தரையெல்லாம் நாசமாப் போயிரும்" என்று வராந்தாவிலேயே நின்றார்.

"டீச்சர், ஒரு ஒத்தாச செய்யணும்."

"சொல்லுங்க."

"எம்பிள்ளைய எட்டுலயே இன்னொரு வருசம் வச்சிருங்க."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. "உங்க பொண்ணு நல்லாப் படிக்கறாளுங்க. அவள எதுக்குங்க நிறுத்தணும்?"

"படிக்கிறா, யாரு இல்லன்னா. ஒம்போதுக்குப் போனா சோறு கெடையாதுல்ல."

அவர் கோபமாகவும் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டார்.

"நான் விடியறதுக்குள்ள எறங்கிருவேன். கட்டன்சாயா போடத்தான் நேரமிருக்கும். பொழுதடைஞ்சு வந்துதான் சோறாக்குறது. அவ பகல்ல திங்கிறது இங்க போடுற சோறு மட்டுந்தான். அது இல்லேன்னா எதுக்குப் பள்ளிக்கூடம்னு ஏலக்காட்டுக்குக் கூலியாள் ஏத்துற ஜீப்புல ஏறிருவா. அவ சோடிப் பிள்ளைக ரெண்டு பேரு இப்பவே ஏறிட்டாளுக. ஒருக்கா ஏறுனவ எறங்க மாட்டா டீச்சர்."

அப்புறம், வழியையும் அவரே சொன்னார்.

"எங்கம்மா ரிட்டயர் ஆகுற நேரத்துல ஆபீசுல போயிச் சொன்னோம். ஒரு வருசம் தள்ளிப் போட்டாங்க. வீடும் தப்பிச்சிச்சு. இங்கிட்டும் பெரிய சார்ட்ட சொன்னா ஆகாதா?"

எஸ்டேட்டில் வேலை போனால் லயத்து வீடும் போகும். அதனால் ஆபீஸ் வாசலில் போய் நின்று ஒரு வருடம் கூடுதலாகக் கேட்பது அங்கே வழக்கம். சிலருக்குக் கிடைக்கும். மகளுக்கும் அப்படி ஒரு வருடத்தைக் கேட்டு வந்திருந்தார் அந்த அம்மா. தோற்பதில் ஒரு குறைச்சல் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. கேட்டு வாங்கும் நீட்டிப்பு, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் தொடுபுழாக்காரர், மலையாளி. நான் போய்ச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். "பெயிலாக்கித் தோல்ப்பிக்கல்லேன்னு கேட்டு வர்ற அம்மமாரைக் கண்டிருக்கேன் டீச்சரே. தோல்ப்பிக்கணும்னு ஒராள் வந்தது இதுதான் ஆத்யம், முதல் தடவை." பிறகு சிரிப்பு போய்விட்டது. எட்டில் அப்போது யாரையும் நிறுத்தி வைக்க முடியாது, எல்லாருக்கும் பாஸ்தான் என்றார். மீதிச் சோற்றைத் தொடாமல் டிபனை மூடினார்.

திரும்பி வந்து சொன்னேன்.

"அப்ப ஆகாதாக்கும்" என்றார் அந்த அம்மா. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஜூன் மழையோடு பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பு என் பொறுப்பு. அவள் வந்திருந்தாள். லீவில் ஏலக்காட்டுக்குப் போய்வந்ததில் கைகளெல்லாம் கீறல். "வேலை எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "அட்டை கடிக்கும் டீச்சர். மத்தபடி யாரும் பரீட்ச வைக்க மாட்டாங்க" என்றாள். காலையில் எல்லாக் கேள்விக்கும் எழுந்து நிற்பாள். மதியத்துக்கு மேல் அவள் இடம் காலியாக இருக்கும். இப்படியே சில நாட்கள்.

தலைமையாசிரியர் அந்த டிபனை மூடியதோடு விட்டுவிடவில்லை. வருகிற அரிசி எட்டு வரை உள்ள பிள்ளைகளின் கணக்குக்குத்தான் வரும், அதில் கைவைத்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் குறையும். அதனால் ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து தனியாகக் கொஞ்சம் அரிசி வாங்கிப் போட்டோம். சின்னவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒன்பதிலும் பத்திலும் டிபன் இல்லாதவர்களைப் பின்பக்க வழியாகக் கொட்டகைக்கு அனுப்பும்படி என்னிடம் சொன்னார். யாருக்கும் தெரியக்கூடாது, பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்கும் என்று நினைத்தே அப்படிச் செய்தார்.

நான் வகுப்பில் மெதுவாகச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருத்திக்கு விரதம். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவளைப் பார்த்தேன். "நான் சாப்பிட்டுத்தான் டீச்சர் வந்தேன்" என்றாள், நேராக என் கண்ணைப் பார்த்து. பிறகு புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சமைத்த சோறு அண்டாவில் ஆறியது. சமையல்கார அக்கா, அதே லயத்துக்காரர், இடுப்பில் கைவைத்து என்னைக் கேட்டார்: "பின்வாசல் வழியா வான்னா கள்ளன்தான் வருவான். பிள்ளைக வருமா?"

மறுநாள் அவள் காலையிலும் வரவில்லை. அடுத்த நாளும். திங்கட்கிழமையிலிருந்து ஜீப்பில் போகப்போவதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் விஷயத்தை எடுத்தார். யார் பிள்ளை என்று சொல்லாமல், ஒன்பதிலும் பத்திலும் சிலருக்கு மதியம் சாப்பாடு இல்லை, வைத்தாலும் வருவதில்லை என்றார். அந்த அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மலைக்கு டூரிஸ்டு ஏற்றுகிற ஜீப்புக்காரர் ஒருவர் எழுந்தார். "சார், மாரியம்மன் கோயில் பந்தியில சூப்பர்வைசரும் உக்காருறாரு, நானும் உக்காருறேன். ஒங்க வீட்ல சோறு இருக்கா இல்லையான்னு கேட்டுட்டா எல போடுறோம்? கேட்டா எவனாச்சும் உக்காருவானா?"

"நீ கேக்காமலே மூணு பந்தியில உக்காருவ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உக்காருவேன். அதுக்குத்தான சொல்லுறேன். எல்லாத்துக்கும் போடுங்க. காய்கறிக்கு எங்க ஜீப் ஸ்டாண்டு பொறுப்பு."

பலசரக்குக் கடைக்கார அம்மாவுக்கு அது புரியவில்லை. அவர் மகள் பத்தாம் வகுப்பு. "எம்மக டிபன் கொண்டாரா சார். அவளுக்கு எதுக்கு? அந்தச் சோத்த இல்லாத பிள்ளைக்குப் போடலாம்ல?"

"சேச்சியோட மகளும் இருந்து உண்ணணும்" என்றார் தலைமையாசிரியர். "அல்லெங்கில் இது நடக்காது."

"அவ செவத்த மட்டரிசிச் சோறு திங்க மாட்டாளே."

"ரெண்டு நாளு பட்டினி போடுங்கக்கா, திம்பா" என்றார் சமையல்கார அக்கா.

எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. யாரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பருப்பும் எண்ணெயும் நான் தாரேன்" என்றார் கடைக்கார அம்மா. "அவ திங்கலேன்னா எனக்குச் சொல்லி விடுங்க." அரிசிக்கு எஸ்டேட் யூனியன்காரர்கள் பொறுப்பேற்றார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஒன்பதிலும் பத்திலும், ஆசிரியர்கள் உட்பட, யாரும் டிபன் கொண்டுவரக்கூடாது என்று முடிவானது.

திங்கட்கிழமை காலை நான் பதிவேட்டைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்தேன். அவள் இருந்தாள். எந்தக் கேள்விக்கும் எழுந்திருக்கவில்லை.

மதிய மணி அடித்தது. பலகைத் தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெஞ்சுகள் நகரும் சத்தம். கடைக்கார அம்மாவின் மகள் தட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "கல்லு கல்லா இருக்கும்டி" என்று முன்னால் போனாள். வாலிபால் மூலையில் கிடந்தது. வகுப்பு காலியாயிற்று. இவள் மட்டும் எழுந்து குழாயடிக்குப் போனாள். முகம் கழுவினாள். பின்னலை அவிழ்க்கக் கை போனது. பின்னிவிட அங்கே ஒருத்தியும் இல்லை. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அன்றைக்குத் தனியாகத் தெரிந்தது சாப்பிடப் போகாதவள்தான்.

"ஏய், அங்கன என்னத்த ஆராயுற?" என்று கொட்டகையிலிருந்து சமையல்கார அக்கா கத்தினார். "பயறு ஆறுது!"

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டு கொண்டுவந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றவள், தட்டுக்குப் பதிலாகத் தான் கொண்டுவந்திருந்த காலி டிபன் டப்பாவின் மூடியைக் கொடுத்தாள். உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். சோறு தடித்தடியாக இருந்தது, பயறில் உப்பு கொஞ்சம் கூடுதல். அவள் சாப்பிட்டதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. எத்தனையோ முறை முயன்று கிழித்துப் போட்டிருக்கிறேன். மூடியில் சோறு வழிந்தது, அதை அவள் விரலால் கூட்டி ஒதுக்கினாள், இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மதியம் இலக்கணப் பாடம். இரண்டு தரம் கையைத் தூக்கினாள். இரண்டு தரமும் என்னை மடக்கத்தான்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். பறித்த இலையை எடை போட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் எதிரே வந்தார்கள். அந்த அம்மா கூட்டத்தை விட்டு விலகி என் பக்கம் வந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாளுங்க."

"காலைல ஜீப்புக்குத்தான் கெளம்புனா. இன்னைக்கு ஒருநா பள்ளிக்கூடம் போயிட்டு வா, ஜீப்பு நாளைக்கும் இங்கனதான் நிக்கும்னு அனுப்புனேன். எல்லாப் பிள்ளைகளுமா உக்காந்துச்சு? கடைக்காரம்மா மகளும்?"

"எல்லாரும் உக்காந்தாங்க. நானும் உக்காந்தேனுங்க. கடைக்காரம்மா மக மொதல்ல உக்காந்தா."

"தின்னாளா?"

"மொகத்தச் சுளிச்சுட்டே எல்லாத்தையும் தின்னுட்டாளுங்க."

அந்த அம்மா சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கீழே வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது.

"சரி டீச்சர், அப்ப அவ ஒம்போதுலயே இருக்கட்டும். காட்டானை எறங்குற நேரம், நீங்க பஸ்ஸப் பிடிங்க."