சீர் டிவி

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீராகக் கொடுத்த பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்து தரவேண்டியது பெண் வீட்டுக்காரர்கள். மின்விசிறி எரிந்தாலும், கட்டில் கால் ஆடினாலும் பெண்ணின் அப்பனுக்கோ அண்ணனுக்கோ ஆள் போகும். கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் சரி. பொருள் மாப்பிள்ளை வீட்டில் உழைக்கும், பழுது மட்டும் பிறந்த வீட்டுக்கு வரும். எழுதி வைத்த சட்டங்களை மீறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் எழுதி வைக்காத இதை மீறியவர்களைப் பார்த்ததில்லை.

என் தங்கையை அரும்பாவூரிலிருந்து உடையார்பாளையத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். சீரில் ஒரு இருபத்தோரு அங்குல கலர் டிவி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவன் நான். அப்போது பெரம்பலூரில் ஒரு டிவி கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் முழுதாக இரண்டு வருஷம் நின்றதில்லை. டிவி கடைதான் கொஞ்சம் நீண்டது. டிவியைத் தூக்கும்போது கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கவேண்டும். பாரமெல்லாம் கண்ணாடியில் இருக்கிறது, பின்பக்கம் வெறும் காற்று. இது தெரியாமல் திருப்பித் தூக்கியவன் முதல் படியிலேயே குப்புற விழுவான்.

அந்தக் காலத்தில் டிவி என்றால் பிக்சர் டியூப் ஒன்றுதான். எந்த டியூப் எத்தனை வருஷம் தாங்கும், எதற்கு ஸ்பேர் கிடைக்கும் என்பதெல்லாம் கடைக்குத் திரும்பி வரும் பெட்டிகளைத் தூக்கியே தெரிந்துகொண்டேன். தங்கைக்கு வாங்கியது பார்க்கச் சாதாரணப் பெட்டி. ஆனால் உள்ளே இருக்கும் எந்தச் சாமானும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கிடைக்கும். அப்பா அப்போது எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்த அடுத்த பருவத்தில் வெட்டும் இடத்திலேயே விழுந்து இறந்தார். சீர் சாமான்களின் பழுதெல்லாம் எனக்கு வந்தது.

உடையார்பாளையத்தில் அவர்கள் வீடு முந்திரித் தோப்பை ஒட்டிய கடைசித் தெரு. சாயங்காலமானால் கரண்ட் ஏறி இறங்கும். பல்பு சிவப்பாக எரியும், திடீரென்று வெள்ளையாகும். டிவி உள்ளே ஏதாவது புகையும். தங்கையின் மாமியார் டிவியை மட்டும் அனுப்பமாட்டார். மருமகளையும் சேர்த்து அனுப்புவார். "சரியானதும் ரெண்டும் ஒண்ணா வாங்க" என்பது அவர் வாக்கு. பையன் பிறந்த பிறகு அவனை அங்கேயே நிறுத்திக்கொண்டார். பால் குடிக்கும் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான். டிவி ஓடினால் தங்கை தன் பிள்ளையைப் பார்க்கலாம். ஓடாவிட்டால் அரும்பாவூரில் எங்கள் அம்மாவோடு ஆடு மேய்க்கலாம்.

நான் அப்போதெல்லாம் எங்கேயாவது இருப்பேன். திருப்பூர், கேரளத்துக் கல்குவாரி, போர் போடும் லாரி. எங்கிருந்தாலும் மளிகைக் கடைப் போன் மூலம் செய்தி வந்துவிடும். வேலையை விட்டுவிட்டு வருவேன். ஒருமுறை அரியலூரில் டிவியோடும் தங்கையோடும் பஸ் ஏறினேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "யோவ், இதென்ன, வாரா வாரம் டிவிக்கு ஊரச் சுத்திக் காட்டுறியா?" என்றார்.

தங்கை சொன்னாள்: "அதுக்கு மட்டும் டிக்கெட்டு குடுங்கண்ணே. நாங்க ரெண்டு பேரும் அதுக்குத் தொணைக்கு வர்றோம்."

பஸ் முழுதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பெரிய பழுது பிறகு வந்தது. டிவியைப் போட்டால் சத்தம் உடனே வரும், படம் வர நேரமாகும். வந்தாலும் எல்லா முகமும் மஞ்சள்காமாலை கண்டதுபோல இருக்கும். பெரம்பலூர் மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிவிட்டு, "டியூப்பு வீக்கு" என்றார். "பூஸ்ட் குடுத்தா பளிச்சுன்னு எரியும். ஆனா ரெண்டு மூணு மாசந்தான். சாகப்போற கெழவனுக்கு சாராயம் ஊத்துன கதை." புது டியூப் வாங்கப் பணமில்லை. பழைய டியூப்பின் கழுத்தை அறுத்து, உள்ளே படத்தைப் பாய்ச்சும் ‘கன்’ என்கிற பாகத்தை மட்டும் புதிதாக வைத்துத் திரும்ப ஒட்டித் தருவார்கள். அதைப் பலர் ஏமாற்று வேலை என்பார்கள். செய்பவனைப் பொறுத்தது. நல்ல கையிடம் கொடுத்து வாங்கினேன். புதிதாக இருந்தபோதுகூட அந்த டிவியில் அப்படி ஒரு படம் வந்ததில்லை. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு மழைக்காலம், எதிலும் கெடவில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நான் போர் லாரியில் ஆந்திரா போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது. எங்கள் ஊரில் கொடுத்தார்கள், அவர்கள் ஊரிலும் கொடுத்தார்கள். சின்னப் பெட்டி, ஆனால் ஒழுங்காக ஓடியது. கூரை வீட்டிலும் கலர் படம் தெரிந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். அதன் கேடு எங்கள் பக்கம் எப்படித் திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது தங்கை அரும்பாவூரில் இருந்தாள். டிவியும் இருந்தது. "என்ன போச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போவல. நல்லாத்தான் ஓடுது."

"பின்ன?"

"எல்லார் வூட்டுலயும் டிவி வந்துடுச்சாம். ஓசியில குடுக்குற சாமான சீருன்னு எப்படிச் சொல்லிக்கிறதாம். சொவுத்துல மாட்டுற டிவி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"அவரு எப்ப என்ன சொல்லியிருக்காரு? முந்திரி உடைக்கப் போயிட்டாரு."

ஓடாத டிவியை ஓடவைக்க எனக்கு வழி தெரியும். ஓடுகிற டிவியை என்ன செய்வது? அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொந்தமாக ஒன்றும் இல்லாதவன் நான். ஆனால் வேறு வேலை இல்லாதபோதெல்லாம் டிவி கடைகளுக்கே போய், இந்த மாவட்டத்தில் வந்து இறங்கிய எல்லா வகை டிவியையும் தூக்கியிருக்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் புரொஜெக்‌ஷன் டிவி இறக்கியதைச் சொன்னேன். பீரோ அளவு. நேரே உட்கார்ந்தவனுக்குப் படம், பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குச் சாம்பல். அரியலூரில் ஒரு குவாரிக்காரர் வீட்டுக்குப் பிளாஸ்மா கொண்டுபோனதைச் சொன்னேன். படுக்கவைக்காமல் நிற்கவைத்தே, சாமி புறப்பாடு மாதிரி நான்கு பேர் கொண்டுபோனோம். அடுப்பு மாதிரிக் கொதிக்கும். அவர் ஒரே சேனலைப் பார்ப்பவர். அந்தச் சேனலின் முத்திரை மூலையில் சூடு போட்டதுபோலப் பதிந்துவிட்டது, எந்தப் படம் வந்தாலும் அது போகவில்லை. கடைசியாக எல்சிடியைச் சொன்னேன். ஒல்லி, பாரமில்லை, பார்க்க லட்சணம். ஆனால் உள்ளே எது போனாலும் நம் பக்கத்து மெக்கானிக் கையை விரித்துவிடுவான். கண்ணாடி போனால் டிவியே போன மாதிரி.

அவள் கேட்டாள்: "எதுண்ணே கெடாது?"

"ஒன்னோட திருப்பி அனுப்புனாங்களே, இந்த டியூப்புதான். இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"அவுங்க சொவுத்துல மாட்ட எது?"

"எல்சிடி."

"அப்ப அதுதான். புள்ள ஒண்ணாங் கிளாஸ் போயிட்டான். யாரு தல சீவி விடுறாங்கன்னே தெரியல."

அம்மாவின் ஆடுகள் போயின. அடுத்த வேலைக்கு நான் வாங்கியிருந்த முன்பணமும் போயிற்று. அரியலூர் கடையில் சின்ன எல்சிடி ஒன்று மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன், அழகாக இருந்தது. பிறகு கடைத் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். படம் கறுத்தது. வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், முகம் போட்டோ நெகட்டிவ் மாதிரியும் தெரிந்தது.

கடைப் பையன் சிரித்தான். "என்ன சார், தரையில உக்காந்துட்டீங்க?"

"எங்க வூடுகள்ல தரையில உக்காந்துதான் பாப்பாங்க."

"கண்ணுக்கு நேரா வைங்க சார், நல்லாத் தெரியும். பெரிய சைசு எடுத்தா இந்தத் தொந்தரவு கம்மி."

பெரிய சைசுக்கு ஆடு இல்லை. வெளியே நின்ற தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே வந்து பார்க்கக்கூட இல்லை. "வாங்குண்ணே. அவுங்க பாக்குறதுக்கா கேக்குறாங்க?" என்றாள்.

உடையார்பாளையத்தில் இறங்கித் தெருவில் நடந்தபோது அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் தோளில் வைத்துக்கொண்டு போகச் சொன்னாள். படம் போட்ட பக்கம் வெளியே தெரியும்படி. பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பையன் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவன் தலை எண்ணெய் காணாமல் சடையாகியிருந்தது. அவள் பெட்டியையும் மறந்தாள், என்னையும் மறந்தாள்.

மாமியார் இடம் காட்டினார். சாமி படங்களுக்கும் மேலே, உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே. "அங்க மாட்டுனாத்தான் தெருவுல போறவுங்களுக்கும் தெரியும்" என்றார்.

"அத்தை, இது கண்ணுக்கு நேரா இருக்கணும். அவ்வளவு ஒசரத்துல மாட்டுனா தரையில உக்காந்தவுங்களுக்குப் படம் கருப்பாத் தெரியும்" என்றேன்.

"டிவிய ஒசரத்துல வச்சா கருப்பாத் தெரியுமா? நல்லா இருக்கே தம்பி கதை. ஓட்டல்லல்லாம் ஒசரத்துலதான வச்சிருக்கான்?"

"அது டியூப்பு, அத்தை."

"எனக்கு டியூப்பும் தெரியாது பல்பும் தெரியாது. மாட்டுங்க."

மாப்பிள்ளை ஏணி பிடித்தார், நான் ஆணி அடித்தேன். டிவியைப் போட்டதும் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கறுத்த பல்லும் வெளுத்த கூந்தலும் இருந்தன.

ஒரு கிழவர் கேட்டார்: "இது என்னப்பா, எழவு வூட்டுச் சேதியா?"

மாமியார் முகம் இறுகியது. "டூப்ளிகேட்ட வாங்கியாந்து தலையில கட்டிட்டீங்களா?"

"எந்திரிச்சு நின்னு பாருங்க அத்தை."

அவர் எழுந்தார். நின்றதும் கொஞ்சம் நிறம் வந்தது. முக்காலியில் ஏறியதும் படம் தெளிந்தது. அப்படியே முக்காலிமேல் நின்று ஒரு விளம்பரம் முழுதையும் பார்த்தார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "கீழ எறக்கிடலாமா மச்சான்?" என்று என்னிடம் கேட்டார். பதில் அவர் அம்மாவிடமிருந்து வந்தது. "எறக்குனா அது எதுக்கு? ஓசி டிவி வச்ச எடத்துக்கா? அது அங்கியே கெடக்கட்டும்."

தங்கையைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அனுப்பவில்லை. டிவி புதிது, ஊர் பார்க்க வந்து இறங்கியது, எரிகிறது. அதைக் குறை சொன்னால் சீர் குறை என்று அவர் வாயாலேயே ஊருக்குச் சொன்னதாகும். முக்காலியிலிருந்து இறங்கி, வந்தவர்களைப் பார்த்து, "புதுசில்ல, போவப்போவ சரியாயிடும்" என்றார். தங்கை உள்ளே பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு வேலை விசாரிக்கப் போகும் வழியில் அங்கே இறங்கினேன். எல்சிடி அதே உயரத்தில் இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். வயர் பிளக்கில் இல்லை. கீழே இலவச டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்தால் மட்டும் மேலே உறையை எடுப்பார்களாம்.

"யாரு வயரப் புடுங்குனது?" என்று தங்கையிடம் அடுக்களையில் கேட்டேன்.

"நாந்தான். ஓடுனாத்தான கெடும்? இடி இடிச்சா புடுங்கணும்னு சொன்னேன். அப்புறம் சொருவல. யாரும் கேக்கவும் இல்ல."

தெரிந்த எல்லா மெக்கானிக்குகளையும் நினைத்துப் பார்த்தேன். இந்த வழியை ஒருவரும் சொன்னதில்லை.

டீ கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அண்ணன் வந்திருக்காரு? புது டிவியும் போச்சா?" என்று குரல் கொடுத்தாள். கூடத்தில் டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

"இல்லக்கா, சும்மா வந்துச்சு" என்றாள் தங்கை. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நீ வந்தாலே என்னமோ கெட்டுப்போச்சுன்னு நெனக்கிறாங்க. அப்புறம் கெழவி எல்லாத்தையும் போட்டுப் பாக்குது, ஃபேனு, கிரைண்டரு, எல்லாம். கொஞ்ச நாளைக்கு வராத."

"கொஞ்ச நாளுன்னா?"

அவள் தம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

மாமியாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "இருந்து சாப்டுட்டுப் போலாமே தம்பி" என்றார், கண் மேலே உறையின் மீது இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டால் பையன் அந்த வழியாகத்தான் வருவான். அதற்குள் ஜெயங்கொண்டம் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.