நோயின் பெயர் எழுதும் இடம்

கட்டுகஸ்தோட்டையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில், ஊழியர்களின் காப்புறுதிப் படிவங்களைப் பார்ப்பது என் வேலை. ஒரு வருடம் காப்புறுதியில் மனநோய்ச் சிகிச்சையையும் சேர்த்தார்கள். அறிவித்தலை மூன்று மொழியிலும் நானே அடித்து ஒட்டினேன். மாதக்கணக்காக ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமைகளில் கண்டியில் ஒரு மனநல வைத்தியரிடம் போய்க்கொண்டிருந்த நானும் படிவம் எடுக்கவில்லை.

முதலில் வந்தவர் கலஹாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். தையல் மெஷினில் வேலை. பிள்ளை பிறந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நோயின் பெயர் எழுதும் இடத்தில் வைத்தியர் மனச்சோர்வு என்றே எழுதியிருந்தார்.

"இதில மனேஜரும் கையெழுத்து வைக்கவேணும். வாசிப்பார்," என்றேன். "சில பேர் கேஸ்ட்ரைடிஸ் எண்டு எழுதி வாங்குவினம்."

"வாசிக்கட்டும் மிஸ். எனக்கு வயித்துல ஒன்னும் இல்லயே."

காப்புறுதி கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை அவரை மெஷினிலிருந்து எடுத்து, நூல் வெட்டும் மேசையில் விட்டார்கள். மருந்து குடிப்பவரை மெஷினில் வைப்பது ஆபத்து, அவருடைய நன்மைக்குத்தான் என்றார் மனேஜர். கடிதத்தை நான்தான் அடித்தேன். மெஷினில் வேலை செய்யலாம் என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி வந்தார் அந்தப் பெண். பார்ப்போம் என்றார் மனேஜர். அதைக் கோப்பில் போட்டேன்.

"இன்சூரன்ஸ் குடுத்தாங்க, மெஷின எடுத்துட்டாங்க. அப்படித்தானே மிஸ்?"

"ஓம்," என்றேன். அவர் அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் குடிக்கும் மருந்தினால் அப்படியா, நானே அப்படி ஆகிவிட்டேனா என்று தெரியவில்லை.

மூன்று மாதத்தில் விலகினார். மடவளையில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்ததென்று சொல்லிவிட்டுப் போக வந்தார்.

"மருந்து எடுக்கிறதைச் சொன்னீங்களோ?"

"அவங்க கேக்கல. நானும் சொல்லல."

பிறகு அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில் நின்று அதை வாசிப்பவர்கள்கூட இல்லாமல் போனார்கள். அடுத்த வருடம் காப்புறுதியைப் புதுப்பிக்க எல்லோரும் சுகாதார விபரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்பதில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தேன். மற்றவர்களின் படிவங்களைச் சேகரித்து அடுக்கினேன். எல்லாவற்றிலும் இல்லை என்றே இருந்தது.