புரட்டாசியில் ஓயேனின் கோபம்

சாலாக் செலாத்தானில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேதான் என் லோரி நிற்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும், காலையில் சீட்டு முழுக்கப் பூனை முடி. பல வருஷக் கடுப்பு எனக்கு. கேட்கப் போனால் பூனைக்காரி அமுதவள்ளி சிரிப்பாள். "ஒங்க சீட்டு மெத்துன்னு இருக்குண்ணே, அதான்லா."

அமுதவள்ளி கீழே வடைக்கடை போட்டிருந்தாள். புருஷன் போன பிறகு துணைக்கு ஓயேன்தான், செம்மஞ்சள் கடுவன் பூனை. கெட்டுப்போன ஃபேனைக்கூடக் கழற்றி உள்ளே என்னவென்று பார்க்காமல் தூக்கிப் போட மாட்டாள்.

போன புரட்டாசியில் ஓயேன் தட்டுக்கு ஓடி வருவான், மோந்து பார்ப்பான், திரும்பிப் போய்விடுவான். அந்த மாசம் அவள் வீட்டில் மீன் கிடையாது, பூனைக்கும் தயிர்சோறுதான். கோபத்தில் ஸ்ட்ரைக் பண்ணுகிறான் என்று ஃபிளாட்டே சிரித்தது. ஓயேன் இளைத்துக்கொண்டே போனான்.

எனக்கு விரதமெல்லாம் கிடையாது. பொரித்த கெம்போங் மீனைக் கிள்ளிப் போட்டேன். வாயில் வைத்ததும் வீலென்று கத்தித் துப்பினான். முன்னங்காலால் வாயைத் தேய்த்தான், எச்சில் ஒழுகியது. அவளைக் கூப்பிட்டேன்.

"மீனையே துப்புறானா? அப்ப கோவமில்லண்ணே, வலி. புடிங்க அவன."

பிடித்தேன். உதட்டைத் தூக்கி டார்ச் அடித்தாள். பல்லடியில் மஞ்சள் காரை, ஈறெல்லாம் ரத்தச் சிவப்பு. நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முகத்தை எடுக்கவில்லை.

"வலிக்குப் பனடோல் மாத்திரை கரைச்சு ஊத்துவமா?" என்றேன்.

ஓயேனைச் செராஸுக்குத் தூக்கிப் போனோம். அங்கே மிருக டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னேன். முறைத்தார். "அங்கிள், அது பூனையக் கொன்னுடும்!" மயக்கம் கொடுத்துக் கெட்ட பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார்.

"இவன் கெழவனாச்சே, டாக்டர். எந்திரிப்பானா?" அமுதவள்ளியின் குரல் உடைந்தது.

ரத்தத்தைச் சோதித்துவிட்டுத்தான் மயக்கம் கொடுத்தார்கள். சாயங்காலம் ஓயேன் தள்ளாடி எழுந்தான். பிடுங்கிய பற்களை அவள் அழுதுகொண்டே கேட்டு வாங்கி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "வேரப் பாருங்கண்ணே, எவ்ளோ நீளம்!"

கடைவாய்ப் பல் இல்லாமலே, புரட்டாசி முடிந்ததும் மசித்த மீனை வழித்து நக்கினான்.

இந்த வருஷம் அமுதவள்ளியை அவள் மகள் கிள்ளானுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். பேரனுக்கு மூச்சிளைப்பு, பூனை முடி ஆகாது; ஓயேன் என்னிடமே தங்கினான். காரில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, முன்பல்லு இன்னும் இருக்கு. வாரத்துக்கு ஒருக்கா ஒதட்டத் தூக்கிப் பாருங்க. பாத்தா மட்டும் பத்தாது, மோந்தும் பாக்கணும்."