ஏழாம் புத்தகத்தின் கடைசித் தாள்

முன் கூடத்தில் டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. சர்ரென்று நீளமாக இழுபட்டு, பட்டென்று அறுந்தது. அடுக்களையை ஒட்டிய தன் அறையில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஜெபஷீலாவுக்கு அந்தச் சத்தம் தன் தோலில் ஒட்டியதைப் பிய்ப்பது போல் இருந்தது. இரண்டு பெட்டி ஒட்டியாகிவிட்டது. பெட்டிக்கு மூன்று புத்தகம். ஏழாவது புத்தகம் மட்டும் இன்னும் அவள் மடியில் கிடந்தது.

ஏழும் சேர்ந்து, நான்கு வருஷமும் இரண்டு மாதமும் உட்கார்ந்து அவள் கையால் எழுதிய வேதாகமம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அத்தனையும் அவள் எழுத்து. இப்போது அது அண்ணன் விஜய்ராஜ் ஏலக்காய் அனுப்பும் அட்டைப் பெட்டியில் அடைபட்டுப் போகிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை, சபையின் ஆண்டு விழா. பேராயர் வந்து ஜெபித்து, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்.

"ஏம்மா ஜெபா, உள்ள வரலாமா?"

திரைச்சீலைக்கு அப்பால் உபதேசியார் ஏசுதாசன் நின்றிருந்தார். சபையில் அறிவிப்பு வாசிப்பது, புதன்கிழமை வேதபாட வகுப்பு எடுப்பது, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது எல்லாம் அவர்தான். அறுபது வயது. யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாதவர். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"வாங்க உபதேசியாரே. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சீட்டை நீட்டினார். "ஒங்க அண்ணன் குடுத்து விட்டாக. இத அந்தக் கடைசித் தாள்ல எழுதிரணுமாம்."

அண்ணனின் கோணல் எழுத்து. 'இத்திருமறையைத் தம் கைப்பட எழுதி முடித்தவர் திருமதி சொர்ணலதா விஜய்ராஜ்.'

ஜெபஷீலா மதினியின் பேரை இரண்டு முறை வாசித்தாள்.

"இத நான் எழுதணுமா?"

"வேற கையில எழுதுனா வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சிரும்மா." சொல்லிவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு எரியும்போது வருகிற சிரிப்பு.

தன்னைத் தானே அழித்து எழுதச் சொல்வது அந்த வீட்டுக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பெரியகுளத்தில் வேலை பார்த்த முத்துராஜா என்பவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் எழுதிச் சுவரில் மாட்டியிருந்த வசனத்தைப் பார்த்து, "இன்விடேஷன்ல பேரெல்லாம் நீங்களே எழுதிருங்க, இந்த மாதிரிக் கையெழுத்தை நான் பாத்ததே இல்ல" என்றார். நாள் குறித்தார்கள். அடுத்த மாதமே அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போதுதான் கலியாணமாகியிருந்தது. "நீயும் போய்ட்டா அம்மாவ ஆரு பாப்பா?" என்றான். பிறகு கடிதத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "நான் சொல்றேன், எழுது. ஒங்கையெழுத்துத்தான் மரியாதையா இருக்கும்." இந்தச் சம்பந்தம் எங்களுக்கு ஒத்துவராது என்று அவளே எழுதினாள். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. அவ்வளவு அழகான கடிதம். அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் படுக்கையில் இருந்தாள். அம்மா போன பிறகு ஜெபஷீலாவைக் கேட்டு வர யாரும் இல்லை.

வேதம் எழுதும் வேலையும் அவளாகத் தேடிப் போனதில்லை. ஆண்டு விழாவுக்குக் கைப்பட எழுதிய வேதம் வேண்டும் என்று சபையில் கேட்டபோது, கமிட்டியில் இருந்த விஜய்ராஜ் எழுந்து தன் மனைவி பேரைக் கொடுத்தான். மதினி சொர்ணலதா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். மூன்று தாளில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "நீ சும்மாதான இருக்க ஜெபா, ஒரு நாலு பக்கம் எழுதிக் குடேன்" என்றாள். நாலு பக்கம் நாற்பதாகி, நாலாயிரத்தைத் தாண்டியது.

அந்த நாட்களில்தான் புதன்கிழமை வகுப்பில் ஏசுதாசன், வேதத்தைப் பார்த்து எழுதிய யூத எழுத்தர்களான வேதபாரகர்களைப் பற்றிச் சொன்னார். பிரசங்கத்தில் எப்போதும் திட்டு வாங்குகிற கூட்டம் என்றுதான் ஜெபஷீலா அவர்களை நினைத்திருந்தாள்.

"எல்லாரும் அப்பிடி இல்லம்மா" என்றார் அவர். "அந்தக் காலத்து யூத சனத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக கொஞ்சப் பேருதான். ராசாவோட கட்டளைய எழுதுறதும் எழுத்தருதான். கலியாண உடன்படிக்கை, பொண்டாட்டியத் தள்ளி வைக்கிற சீட்டு, நெலம் வாங்குற பத்திரம், எல்லாத்துக்கும் அவுக கிட்டதான் போய் நிக்கணும். வேதச் சுருளைப் பாத்து எழுதுறதும் அவுகதான். ஆண்டவரோட நாமத்த எழுதுறதுக்கு முன்னாடி தண்ணியில முழுகிட்டு வருவாகளாம். எழுத்த எண்ணிச் சரிபாப்பாக. ஒரு பத்தியில நாலு பிழை வந்துட்டா அத ஒதுக்கிருவாக. குப்பையில போட மாட்டாக, மண்ணுல பொதச்சிருவாக."

அன்று முதல் அவள் அதையே தனக்குச் சட்டமாக வைத்துக்கொண்டாள். காலையில் தலைக்குக் குளிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தாளையும் வரி வரியாக எண்ணுவாள். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரி ஒரு வரி இடைவிட்டு வந்தால் கண் தாவிவிடும், நடுவில் உள்ள வரி விட்டுப்போகும். அப்படி விட்டுப்போன தாள்களை எல்லாம் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். முதலில் புதைத்தது மதினி எழுதிய மூன்று தாள்களை. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பிழை.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவரிடம் கேட்டாள். "அந்த எழுத்தருக பேரெல்லாம் தெரியுமா?"

"முக்காவாசிப் பேரு பேரு தெரியாமலே செத்துப் போனவுகதான். பிந்தின காலத்துல, புத்தகமாத் தைக்க ஆரம்பிச்ச பெறகு, சில பேரு கடைசித் தாள்ல தம் பேர எழுதி வச்சாக."

"அது தப்பில்லையா?"

"வேலை செஞ்சவன் பேரச் சொல்றது எப்பிடித் தப்பாகும்?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஏழாம் புத்தகத்தில் கடைசித் தாளை வெறுமையாக விட்டாள். எழுதி முடித்த தாள்களை ஒவ்வொரு மாதமும் மதினி சபைக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். எல்லோரும் மதினியைப் புகழ்ந்தார்கள். ஜெபஷீலா அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடியும்போது உண்மை தானாக வெளியே வரும் என்று நம்பினாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பேதைமை இருக்கலாமா?

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்து, அதை மேசைமேல் திறந்து வைத்தாள். ஏசுதாசன் பின்னாலேயே வந்தார்.

"எழுதிட்டியா?" என்றான் விஜய்ராஜ், டேப்பைக் கையில் சுற்றியபடி.

"இல்லண்ணே. பொய்ய எழுத மாட்டேன்."

"என்னடி பொய்யி?" சொர்ணலதா சோபாவை விட்டு எழுந்தாள். "நாலு வருசமா ஒனக்குச் சோறு ஆக்கிப் போட்டது ஆரு? நீ அடுக்களைப் பக்கமே எட்டிப் பாக்காம எழுதுனியே, ஏனம் கழுவுனது ஆரு? தாளு, பேனா எல்லாம் ஆரு வாங்கிக் குடுத்தா? இதுல எம்பங்கு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு மதினி. சோறு ஆக்கிப் போட்டவர் சொர்ணலதான்னு எழுதச் சொல்லுங்க. இப்பவே எழுதுறேன்."

ஏசுதாசன் இருமி வாயை மூடிக்கொண்டார். விஜய்ராஜுக்கு முகம் சிவந்தது.

"ஏய், வாய நீட்டாத. நோட்டீசு அடிச்சாச்சு. நாளைக்குப் பேராயர் சால்வை போடுறது இவளுக்குத்தான். இப்பப் போய் மாத்துனா எம்மானம் என்னாகும்?"

"அப்ப எம்மானம் அண்ணே?"

"ஒன்னய ஆருக்குத் தெரியும் இந்த ஊர்ல?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது போலும். டேப்பைக் கீழே வைத்தான். கூடப் பிறந்தவனின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு கேள்வியில் அவளுடைய ஐம்பத்து மூன்று வருஷமும் இருந்தது. அவனை வளர்த்த அம்மாவுக்குப் பதினோரு வருஷம் மலம் அள்ளிய கைகளை அவள் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நானே எழுதுறேன்" என்று சொர்ணலதா ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்து எழுதிப் பார்த்தாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. பக்கத்தில் திறந்து கிடந்த ஏழாம் புத்தகத்தில் எழுத்துகள் கோடு போட்டது போல் நின்றன. மறுபடி எழுதினாள். மூன்றாவது முறை பேனாவை வீசிவிட்டு அழுதாள்.

"எல்லாரும் எங்கையப் புடிச்சு ஸ்தோத்திரம் சொன்னாகளே. எதுத்த வீட்டு முத்துலட்சுமி வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனா. இனி நான் எங்க போய் மூஞ்சிய வைக்க?"

ஜெபஷீலாவுக்கு ஒரு கணம் அவள்மேல் இரக்கம் வந்தது. பிள்ளை இல்லாத மதினியையும் வாழ்க்கையில் ஊர் மெச்சியது இது ஒன்றுக்காகத்தான். ஆனால் அந்த இரக்கத்தில்தானே இத்தனை வருஷமும் கரைந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

வழி சொன்னது ஏசுதாசன்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தம்பி, கம்ப்யூட்டர் சென்டர்ல அடிச்சு, அட்டைக்கு உள்பக்கம் ஸ்டிக்கரா ஒட்டிரலாமே. அச்செழுத்துல கை தெரியாதுல்ல."

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா உபதேசியாரே!" விஜய்ராஜ் தொடையில் தட்டிக்கொண்டான். இருபது ரூபாயில் முடிகிற காரியம். நான்கு வருஷத்து எழுத்தை மறைக்க ஒரு உள்ளங்கை அகலத் தாள் போதும்.

அவன் ஸ்டிக்கர் அடிக்கக் காரை எடுத்தான். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிக்கொள்ள சொர்ணலதாவும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடப் போனாள். போகும்போது, "அந்த ஏழாவதையும் பெட்டியில வச்சிரு ஜெபா" என்றாள், உப்பு டப்பாவை மூடி வை என்பது போல.

கடைசித் தாள் வெறுமையாகவே இருக்க, ஜெபஷீலா புத்தகத்தை மூன்றாவது பெட்டியில் வைத்தாள். ஓரங்களில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகினாள். ஆட்டோக்காரர் வந்து முதல் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவதை ஏசுதாசன் தானே எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"எம்மேல கோவமாம்மா?"

"நாளைக்கு அறிவிப்பு வாசிக்கிறது நீங்கதான உபதேசியாரே?"

"ஆமா."

"இத எழுதுனது ஆருன்னு ஒங்களுக்குத் தெரியும். வாசிக்கையில எம்பேரச் சொல்வீங்களா?"

பெட்டி அவர் கையில் கனத்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஜெஸ்லினுக்குச் சபைப் பள்ளிக்கூடத்துல வேலை இன்னும் நெரந்தரமாகலம்மா. கமிட்டியில ஒங்க அண்ணன் கையெழுத்துப் போட்டாத்தான்..." மகளின் பேரைச் சொல்லும்போது அவர் குரல் தேய்ந்தது. "கர்த்தருக்குத் தெரியும் ஜெபா. எல்லாம் அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். நான் கேட்டது ஒங்கள."

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். அவர் திரும்பிப் பார்ப்பாரா என்று அவள் நின்று பார்த்தாள். ஆட்டோ தெருமுனையில் வளைந்தது.

ஜெபஷீலா கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.