ஊறப் போட்ட படகு

அந்தப் படகை முதலில் பார்த்தவன் நான்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். கடலூரில் உப்பனாற்றங்கரை முள்ளுக்காட்டில் குப்புறக் கிடந்தது. சின்ன மரப்படகு, பாய் கட்டி ஓட்டுகிற வகை. ஓட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகு வருடக்கணக்காக வெயிலிலேயே காய்ந்ததாம். “வாங்கிச் சரி பண்ணி உன்னை உட்கார வைத்து ஓட்டுகிறேன்” என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். போன வருடம் அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், சத்தமே காட்டாமல் அதை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி, செம்மண்டலத்தில் தன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான்.

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மச்சானுக்குக் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் படகுதான். அவன் தேய்த்தால் தேய்த்துக்கொள்ளட்டும், என் மனைவி எதற்குத் தேய்க்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் ஊர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நிற்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது நகக்கண்ணில் நீலப் பெயின்ட், சேலையெல்லாம் தின்னர் நாற்றம், முகத்தில் மட்டும் அப்படி ஒரு களை. என் சைக்கிள் கடை ஷட்டருக்கு ஒரு கோட்டு அடிக்கக் கூப்பிட்டபோது இடுப்பு வலி என்று படுத்தவள்! அங்கே போய் உப்புத்தாளும் கையுமாக நாள் முழுக்க உட்காருவாளாம். சாப்பிடும்போது போன் வரும். “தம்பி, ரெண்டாவது கோட்டு காஞ்சிதாடா?” என்றபடி எழுந்துவிடுவாள். நான் ரசத்துக்காகத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு வந்த ஒரே வேலை பாய். சிதம்பரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். “சூப்பர் மாமா” என்றான் மச்சான். அதோடு சரி. படகு ஓடும்போது அதில் எனக்கு ஓர் இடம் வேண்டும், என் மனைவிக்குப் பக்கத்தில். ஆசை அவ்வளவுதான். ஆனால் நான் கேட்கவில்லை. வீட்டு மாப்பிள்ளையை அவர்கள்தானே அழைக்க வேண்டும்?

படகை ஆற்றில் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையில் கூட்டம். நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆள் யாரும் இல்லை. உடைத்த பூசணிக்காயும் சூடம் எரிந்த கரியும் கிடந்தன. படகு ஒரு மூங்கில் கழியில் கட்டியபடி, உள்ளே கலங்கல் தண்ணீர் நிறைந்து, விளிம்பு மட்டும் வெளியே தெரிய முழுகிக் கிடந்தது.

வயிற்றில் பாலை வார்த்தது எனக்கு. ‘ஆடினியேடா மச்சான், நல்லா ஆடினியே!’ என்று வாய்விட்டே சொன்னேன். டீக்கடையில் நின்று வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். அப்படி ஒரு பஜ்ஜியை நான் அதற்குப் பிறகு தின்னவில்லை. அப்புறம் வாயைத் துடைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆறுதல் சொல்லச் செம்மண்டலத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

அக்காவும் தம்பியும் மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்கத்தை மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் தோளில் கையை வைத்தேன்.

“வுடு மச்சான். போனது போவட்டும். மனச வுட்டுடாத.”

“எது மாமா போச்சி?”

“படவுதான். முழுவிக் கெடக்குதே, பாத்துட்டுதான் வரேன்.”

மனைவிக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். “ஐயோ, அது முழுவலைங்க! நாங்கதான் கல்லப் போட்டு அமுக்கி வச்சிருக்கோம். வருசக்கணக்கா காஞ்ச பலவ, இடுக்கெல்லாம் வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கு. உளுந்து ஊறுறாப்புல ஊறிச்சின்னா தானா உப்பி அடச்சிக்கும். அடுத்த வாரம் தண்ணிய எறச்சிட்டு ஓட்ட வேண்டியதுதான்.”

மூக்கு உடைந்ததுகூடப் பெரிதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லையே, அதுதான் நெஞ்சைச் சுட்டது.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“எங்க சொல்றது? படவுன்னு எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு முதல் பஸ்ஸில் போனேன். கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்தார்கள். ஒரு சொட்டு கசிய வேண்டுமே, சனியன்! பாய் ஏறியது. மச்சான் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தான். மனைவி பாய்க் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கரையில் நின்றேன்.

“மாமா, வாங்க. இந்த ஓரத்துல உக்காருங்க.”

“நான் எதுக்கு?”

“வெயிட்டுக்கு மாமா. காத்துல படவு சாயும். எதிர்ப்பக்கம் கனமா ஒரு ஆளு வேணும்.”

கனமாக ஒரு ஆள்! மாப்பிள்ளை மரியாதையைப் பாருங்கள். மணல் மூட்டை செய்கிற வேலை எனக்கு. வீம்பாக அங்கேயே நின்றிருப்பேன், ஆனால் மனைவி கையை நீட்டிவிட்டாள். நகக்கண்ணில் அந்த நீலம் இன்னும் போகவில்லை. ஏறிவிட்டேன்.

நடு ஆற்றில் காற்று ஒரே வீச்சாக வந்தது. பாய் உப்ப, படகு சரிந்து, அந்தப் பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது. மச்சான் என்னவோ கத்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, இன்னும் பின்னால சாயுங்க! உங்கள நம்பித்தான் இருக்கு!”

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் பக்கம் திரும்பியது! சட்டை முதுகு நனைகிற மட்டும் சாய்ந்தேன். படகு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்ததுமே அவள் தலையைத் திருப்பி, “தம்பி, நேராப் போவுதாடா?” என்றாள்.

நான் சாய்ந்தபடியே, இன்னொரு காற்று வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.