அருளப்பன் கழற்றி வைத்த செயின்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கறுப்பு ரிப்பனை ஹேண்டில்பாரின் இடது பக்கம் கட்டுவதென்று எங்கள் சைக்கிள் கிளப் நேற்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது.

வலது பக்கம் கட்டினால் வேகம் காட்டும் மீட்டர் மறைகிறதாம். இரண்டு உறுப்பினர்கள் இதைக் கண்கலங்க எடுத்துச் சொன்னார்கள்.

ரிப்பன், காரிமங்கலம் சைக்கிள் மெக்கானிக் அருளப்பனுக்காக. செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சுவலி... அவ்வளவுதான்.

என் சைக்கிளை அவரிடம் முதன்முதலில் கொண்டுபோனது நினைவிருக்கிறது. கார்பன் ஃபிரேம். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எடையே இல்லைங்க சார். மிச்ச எடைய நீங்கதான் கொறைக்கணும்."

நான் மலை ஏற்றத்தில் மூன்றாவது வளைவிலேயே இறங்கி இயற்கையை ரசிக்கிற ஆள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் கிளப்பில் டாக்டர்கள், வக்கீல்கள், பில்டர்கள், என்னைப்போல் ஒரு பேராசிரியர். வருடம் ஒருமுறை தர்ம காரியத்துக்காக வத்தல்மலை ஏறுவோம். கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான ஏற்றம், பின்னாலேயே ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் வாழைப்பழ வண்டி.

இந்த வருட தர்மம், மலையிலிருந்து கீழே பள்ளிக்கு நடந்து வரும் இருபது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சைக்கிள். ஏறும்போது என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். தள்ளிக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் எலும்பு டாக்டர், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை.

பாகம் பாகமாகப் பெட்டியில் வந்த சைக்கிள்களைப் பூட்டித் தரும் வேலை அருளப்பனுக்கு. இரண்டு நாள் கழித்து எங்கள் மீட்டிங்குக்கே வந்துவிட்டார். கையில் கறுப்பாக ஒரு பிரேக் கட்டை.

"சார், இந்த ரப்பரு தரையில ஓட்றதுக்குங்க. மலை எறக்கத்துல நாலு வளைவு தாண்டறதுக்குள்ள சூடாயி வழுக்கும். வேற கட்டை வாங்கிக் குடுத்துருங்க. புள்ளைங்க பள்ளிக்கோடம் போய்ச் சேரணும் இல்லீங்களா?"

எங்கள் தலைவர் பல் டாக்டர். புன்னகை அவர் தொழில்.

"அருளு, பாசிட்டிவா பேசுப்பா. இது சாரிட்டி."

அடுத்த அஜெண்டா, ஜெர்சியின் நிறம். அது ஒன்றரை மணி நேரம் ஓடியது.

விழா நாளில் ஏறி முடித்தோம் (நான் வாழைப்பழ வண்டியில்). மேலே ஷாமியானா, மேளம். இருபது பிள்ளைகளும் இருபது சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். ஆளுக்கொரு சால்வை எங்களுக்கு.

ரீல்ஸுக்காகத் தலைவர் ஒரு சைக்கிளில் ஏறினார். தலைக்கு மேல் டிரோன். மிதித்தார். பெடல் ஜோராகச் சுற்றியது. சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது.

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். தலைவர், ஓரமாக நின்றிருந்த அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா அருளு, செயின் எங்க?"

"பையிலங்க சார்."

"இதுக்கு மட்டுமா?"

"இருவதுக்குந்தானுங்க. கட்டைய வாங்கிக் குடுங்க, மாட்டிக் குடுத்தர்றன்."

எந்தச் செயினுக்கு எந்த ஆயில் என்று வாட்ஸ்அப்பில் மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் நாங்கள். இருபது சைக்கிள்களில் செயினே இல்லை என்பதை ஒரு மணி நேரமாக எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை போட்டோவிலும் தெளிவாகத் தெரிகிறது. தலைவரின் முகநூலில் இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கிளப் கட்டை வாங்கித் தரவில்லை. 'பரிசீலனையில்' இருந்தது.

அருளப்பன் தானே வாங்க ஆரம்பித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய மொபெட்டில் மலை ஏறுவார். வாரத்துக்கு ஒரு சைக்கிள். புதுக் கட்டை, பிறகு செயின். மாட்டியதும் தானே அதில் உட்கார்ந்து ஐந்து வளைவு இறங்கிப் பார்ப்பார். பிரேக் பிடித்தால் மறுபடியும் மேலே தள்ளிக்கொண்டு வந்து பிள்ளை கையில் கொடுப்பார். பிடிக்காவிட்டால் செயின் திரும்பவும் பைக்குள் போகும்.

அறுபது தாண்டியவர், ரப்பர் செருப்பு. எங்கள் விதிப்படி அது ரைடு கணக்கில் வராது. ஜெர்சி இல்லை, ஆப்பில் பதிவும் இல்லை.

பதின்மூன்று சைக்கிள்கள் முடித்திருந்தார்.

நேற்று அடக்கம். கிளப் லோகோ வைத்த மலர்வளையம் பெரியதாகவே இருந்தது. எங்கள் செயலாளர், பிளாட் விற்பவர், கல்லறை வாசலிலேயே அருளப்பன் மனைவி லூர்துமேரியிடம் போய் நின்றார்.

"அக்கா, மிச்சம் ஏழு செயினு கடையில இருக்குதாமே. குடுத்தீங்கன்னா ஞாயித்துக்கெழம ரைடுல அவரு நெனைவா நாங்களே மாட்டிருவோம். பிரஸ்ஸும் வருது."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கட்டை கொண்டாந்தீங்களா?"

"அது... அடுத்த மாசம் பாக்கலாம்னு..."

"அப்ப செயினும் அடுத்த மாசம் வாங்கிக்கங்க. சாவி எங்கிட்டதான் இருக்குது."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மலர்வளையத்தைப் பார்த்தேன்.

அருளப்பன், உங்கள் நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. யாரும் அதைத் துடைக்காமல் விட்டதில் எனக்கு ஒரு நிம்மதி... தூங்குங்கள்.

ஞாயிறு ரைடு காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறது. மேலே ஏழு சைக்கிள்கள் செயின் இல்லாமல் நிற்கின்றன.