குஞ்சம்மாளின் குண்டான்

செஞ்சிக் கடைத்தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், சமையலுக்குக் குஞ்சம்மாளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு, அறுபத்தைந்தில் அவளுக்கு அப்படி ஒரு பேர். ஐந்நூறு இலை விழுந்தாலும் கை நடுங்காது. ஆனால் ஐந்து பேருக்குச் சமைக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

அவளோடு பதினோரு வருஷமாக ஓடியாடிக்கொண்டிருந்தவள் சிங்கவரத்துச் சின்னப்பொண்ணு. அரைப்பதும் அவள்தான், தண்ணீர் இறைப்பதும் அவள்தான். விசேஷ வீட்டுக்கு அண்டா, குண்டானெல்லாம் அவள் தலையில்தான் போகும். அவள் சுமந்ததில் ஒன்றுகூட இதுவரை கீழே விழுந்தது கிடையாது. அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அது ஒன்றைத்தான்.

அந்தத் தை மாசம் சென்னையிலிருந்து ராஜாராம் என்றொரு வாத்தியார் வந்தார். படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு ராஜகிரி மலையில் மூன்று நாள் தங்கிக் கோட்டையைப் பார்க்கப் போவதாகவும், சமைத்துப்போட ஆள் வேண்டும் என்றும் கேட்டார். பாத்திரம் எதுவும் வேண்டாம், எங்களிடமே இருக்கிறது என்று சொல்லித்தான் கூப்பிட்டார். குஞ்சம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. பித்தளைக் குண்டான், அகப்பை, கரண்டி எல்லாவற்றையும் சின்னப்பொண்ணு தலையில் ஏற்றிக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாலு படி அரிசி வேகும் குண்டான். அவள் கணக்கில் அதுதான் சின்னது.

வாத்தியார் ஒரு கித்தான் பையை அவிழ்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நாலு அலுமினியச் சட்டிகள். கைப்பிடி தனியாகக் கழன்று வந்தது. மூடியைத் திருப்பினால் தட்டு. சாப்பாட்டு டப்பா அளவு தகரப்பெட்டிக்குள் ஒரு குட்டி பம்ப் ஸ்டவ், கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு கைக்குழந்தை கனம்கூட இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டார்கள்.

"சொப்பு சாமான்ல சோறாக்கச் சொல்றீங்களே சார்" என்றாள் குஞ்சம்மாள்.

சின்னப்பொண்ணு மட்டும் சட்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "இந்த மலைக்கு இதான்க்கா சரி. என் கழுத்து பொழச்சுது."

அது குஞ்சம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. குண்டானைக் காவல்காரர் கொட்டகையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மலையேறினாள்.

பாதி மலையில் சுனைக்குப் பக்கத்து மண்டபத்தில் தங்கினார்கள். முதல் நாள் அவள் வைத்த சோறு அடிபிடித்துவிட்டது. மெல்லிசான தகடு, கனத்த பித்தளையில் பழகிய கைக்கு அதன் சூடு பிடிபடவில்லை. கருகல் வாடையோடுதான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மறுநாள் காலையில் வாத்தியாரே அந்த ஸ்டவ்வில் உப்புமா கிண்டிவிட்டார். அவள் எழுந்து முகம் கழுவி வருவதற்குள் ஆகிவிட்டது. பிள்ளைகள் உப்புமாவையும் ஸ்டவ்வையும் ஒருசேரப் புகழ்ந்தார்கள். இருபது வருஷமாகக் கரண்டி பிடித்த கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். பர்னர் அடைத்துக்கொண்டால் குத்திவிடுவதற்கு ஒரு ஸ்டவ் பின் உண்டே, தகரத் துண்டின் நுனியில் மயிர் போல ஒரு கம்பி, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் கிடைத்த கிருஷ்ணாயிலில் பாதி அழுக்கு. மத்தியானத்துக்குள் ஸ்டவ் மஞ்சளாக எரிந்து, கரி கக்கி, அணைந்துபோனது. பிள்ளைகள் பையைக் கொட்டி, கோரைப்பாயை உதறிப் பின்னைத் தேடினார்கள். அந்த மலையில் குரங்குக்கா பஞ்சம்? குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவளே சொன்னாள். ரொட்டி இருக்கிறது, அதைச் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று வாத்தியார் எவ்வளவோ சொன்னார். சமைக்க வந்தவள் இருக்கும்போது ரொட்டியா என்று அவள் பிடித்த பிடியை விடவில்லை. கல் கூட்டினாள், சுள்ளி பொறுக்கினாள், விறகுத் தீக்கு அந்த மெல்லிசுத் தகடு தாங்காது என்று, குண்டானைக் கொண்டுவரச் சொல்லிச் சின்னப்பொண்ணைக் கீழே அனுப்பினாள்.

சின்னப்பொண்ணு அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெயில் உச்சியில் ஏறியபோது கீழே படிகளில் கணார் கணார் என்று சத்தம் உருண்டு போனது. குஞ்சம்மாளுக்கு அது என்ன சத்தம் என்று உடனே தெரிந்தது. முதலில் அவள் நினைத்தது குண்டானைத்தான். நசுங்கிப் போயிருக்குமே என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் சின்னப்பொண்ணு. எந்த வரிசையில் நினைத்தோம் என்பது அவள் சாகிறவரைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஓடினாள். செங்குத்தான திருப்பத்தில் சின்னப்பொண்ணு படியில் சாய்ந்து கிடந்தாள். வலது கணுக்கால் அதற்குள் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"குண்டான்ல ஒடுக்கு உழுந்துடுச்சுக்கா" என்றாள். "திட்டாத."

பிள்ளைகள் கைத்தாங்கலாக மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சுடச்சுடப் பத்துப் போட்டால் வீக்கம் அமரும், அது குஞ்சம்மாளுக்குத் தெரியும். கூட்டிய கல்லில் சுள்ளி புகைந்ததே தவிர பற்றவில்லை. ஸ்டவ் மட்டும் எரிந்தால் ஐந்து நிமிஷ வேலை என்று வாத்தியார் முணுமுணுத்தார். சின்னப்பொண்ணு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

குஞ்சம்மாள் எல்லார் எதிரிலும் கொண்டையில் கைவிட்டாள். பின்னை எடுத்து பர்னரைக் குத்தினாள், பம்ப் அடித்தாள், பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. வாத்தியார் திரும்பிக்கொண்டு சுனையைப் பார்த்தார். அவள் புளித்தண்ணீரை ஏற்றிக் கிண்டினாள்.

பத்துப் போடும்போது அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சின்னப்பொண்ணு சொன்னாள்: "காலையிலயே பாத்தன். நீ கொண்டை முடியறப்ப மின்னுச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி போன?"

"நீ போன்னு சொன்ன. போனேன்."

குஞ்சம்மாள் இன்னொரு கை பத்தை அள்ளி அவள் கணுக்காலில் தடவினாள்.

சாயங்காலம் போர்வையில் மூங்கில் கட்டிச் சின்னப்பொண்ணை இறக்கினார்கள். வழியில் படியோரம் கிடந்த குண்டானை ஒரு பிள்ளை எடுக்க வந்தான். விடவில்லை. குஞ்சம்மாள் தானே தலையில் வைத்துக்கொண்டாள். சும்மாடு கட்டிப் பழக்கமில்லாத தலை; படிக்குப் படி அது மண்டையில் இடித்தது. இடிக்கட்டும் என்று நடந்தாள்.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வெங்கடரமணன் எட்டிப் பார்த்தார். "இன்னா குஞ்சம்மா, இவ்ளோ பெரிய ஒடுக்கு? சின்னப்பொண்ணு போட்டுட்டாளா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். அதோடு போயிருக்கும். சின்னப்பொண்ணின் பதினோரு வருஷப் பேரும் போயிருக்கும். குஞ்சம்மாள் நடுத்தெருவில் நின்றாள்.

"அவ போடல. நான் பண்ண வேலை" என்றாள். எப்படி என்று அவர் கேட்க, பின், கொண்டை, குரங்கு எல்லாவற்றையும் குண்டானை இறக்காமலே சொல்லி முடித்தாள். கடையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

கால் சரியாக இரண்டு மாசம் பிடித்தது. அதுவரைக்கும் மசாலாவைக் குஞ்சம்மாளே அரைத்தாள். திப்பி திப்பியாகத்தான் வந்தது. சின்னப்பொண்ணு திரும்பி வந்த பிறகு, ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் குஞ்சம்மாளின் கொண்டையை ஒரு பார்வை பார்ப்பாள். கேலியாகத்தான் பார்ப்பாள். குஞ்சம்மாள் மட்டும் ஒரு தடவைகூட அதற்குச் சிரித்ததில்லை. தலையைக் குனிந்து, அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் காத்திருப்பாள்.